ஈஸ்வரிக்கு வந்த செய்முறை

நம் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு,

என் பழைய மேசையின் இடப்பக்க இழுப்பறை திறக்க மறுக்கும். சற்றுத் தூக்கி இழுத்தால் இணங்கிவிடும். அந்த அறையைப் பற்றி நான் கற்றுத்தர அதற்குமேல் ஒன்றுமில்லை. தற்குறிப்பை எப்படி அமைப்பது, எந்த நிறுவனத்துக்கு எப்போது எழுதுவது, காணொலி நேர்காணலுக்கு விளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்பவற்றையெல்லாம் நீங்கள் என்னைவிட விரைவாகச் செய்வீர்கள். நான் எழுத நினைப்பது வேறொன்றைப் பற்றி. நாம் பொறுமையாக வரி வரியாகச் செதுக்கிக் கொடுத்த ஒருவரின் இணையப் பக்கத்துக்குள் அவருடைய சொந்தபந்தம் முழுவதும் மேளதாளத்தோடு நுழைந்துவிட்டால், அன்றைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

சிரிக்காதீர்கள். எனக்கு நடந்தது. தேனியில் வேலை பார்க்கிறீர்கள், உங்களுக்கும் நடக்கும்.

நம் பிரிவு முன்னாள் மாணவர்களுக்கும் உதவும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்து வந்தவர்களுள் ஈஸ்வரி ஒருத்தி. நம் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். திருமணத்துக்குப் பின் கம்பத்தில் ஒரு தனியார் குளிர்பதனக் கிடங்கில் சேர்ந்து, வியாபாரிகள் கொண்டுவரும் திராட்சைப் பெட்டிகளைச் சோதித்து உள்ளே அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தாள். உரிமையாளர் கிடங்கை விற்றுவிட்டார். வாங்கியவர் அதைத் திருமண மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கோம்பைக்கு அருகே, பழங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் புதிய சிப்பமிடும் கூடம் கட்டி முடித்து, தரக் கண்காணிப்பாளர் ஒருவரைத் தேடியது. விண்ணப்பத்தாள் கிடையாது. தொழில்முறையாளர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இணையத்தளத்தில் பக்கங்களைப் பார்த்தே ஆட்களை அழைப்பார்கள்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து நகரப் பேருந்தில் கம்பம் வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து அவள் என் அறைக்கு வந்தபோது, முந்தானை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே முதலில் சொன்னது வேலையைப் பற்றி அன்று.

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு வெளிநாட்டுல டிரைவர் வேல வந்துருக்கு மேடம். ஏஜென்டு இந்த மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லுங்கங்கிறாரு. இங்கன எனக்கு இந்த வேல கெடச்சுட்டா அவுக போக வேண்டியதில்ல. கெடைக்கலன்னா போயிருவாக.”

“அவருக்குப் போக ஆசையா?”

“ஆசையெல்லாம் இல்ல மேடம். சின்னவ இன்னும் அவுக தோள்ல போட்டாத்தேன் தூங்குவா.”

அவள் கணவர் தங்கப்பாண்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஒரு வருமானத்தில் இரண்டு பெண்களைப் படிக்கவைக்க இயலாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. எந்த வருமானம், எங்கிருந்து என்பதுதான் கேள்வி. ஆகவே அன்று என் முன்னால் திறந்திருந்த திரையில் ஒரு குடும்பம் ஒரே ஊரில் இருக்குமா இல்லையா என்பதும் சேர்ந்தே திறந்திருந்தது.

அவள் தானே ஆரம்பித்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். படம் ஏதோ ஒரு கல்யாணப் புகைப்படத்திலிருந்து வெட்டியது. பக்கத்தில் நின்றவரின் தோளும் பாதி மாலையும் மிஞ்சியிருந்தன. பெயருக்குக் கீழே, எந்த வேலையும் செய்யத் தயார் என்று எழுதியிருந்தாள். இந்த வரியை நீங்கள் நூற்றுக்கணக்கில் பார்ப்பீர்கள். பணிவினால் எழுதப்படும் வரி. ஆள் எடுப்பவர் கண்ணுக்கு அது வெற்றிடமாகவே தெரியும். நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

“நீ அந்தக் கிடங்குல இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“ஒண்ணும் ஆகிருக்காது மேடம். சண்டதேன் கொறஞ்சிருக்கும்.”

“யாரோட சண்டை?”

“வியாபாரிகளோட. எங்கூடச் சண்ட போடாத திராட்ச வியாபாரி கம்பத்துல கெடையாது. இந்தப் பெட்டிய உள்ள வைக்க முடியாது, கொண்டுட்டுப் போங்கன்னு சொன்னா எவரு சும்மா இருப்பாரு? ராங்கிக்காரின்னே பேரு வச்சிருந்தாக.”

அவள் குறைபட்டுக்கொண்டாள். நான் எழுதிக்கொண்டேன். அன்று மாலைக்குள் அந்தப் பக்கம் முகம் பெற்றது. தலைப்பு வரியை ஆங்கிலத்தில் அமைத்தோம். தமிழில் சொன்னால், திராட்சைக் குளிர்பதனத்தில் தரச் சோதனை, கெடக்கூடிய பழத்தை வாசலிலேயே நிறுத்தியவர் என்று வரும். கல்லூரி வேப்பமரத்தடியில் நிற்கவைத்துப் புதிய படம் எடுத்தோம். அவளுடைய திறன்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டோம். அந்தத் தளத்தில், ஒருவரை அறிந்தவர்கள் அவருடைய திறனுக்கு நேரே ஒரு பொத்தானை அழுத்தி ‘ஆம், இவருக்கு இது தெரியும்’ என்று சான்று சொல்லலாம். விரும்பினால் சில வரிகளில் பரிந்துரையும் எழுதலாம். அந்த இரண்டும் வெறுமையாக இருந்தன.

“உன் வேலையைப் பார்த்தவங்க நாலு பேரை எழுதச் சொல்லேன்” என்றேன்.

“பாத்தவுக எல்லாம் வியாபாரிகதேன். அவுகளா எனக்கு நல்லது எழுதப் போறாக?” என்று சிரித்தாள். நான் வற்புறுத்தவில்லை. சாட்சிக்கு யாரை அழைப்பது என்ற துணிவு அவரவருக்குள்ளிருந்து வரவேண்டும். நாம் ஊட்டிவிட்டால் தங்காது.

அவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தைக் கணவரிடம் பெருமையோடு காட்டியிருக்கிறாள். தங்கப்பாண்டியின் கண்ணில் பட்டது அந்த வெறுமைதான். மனைவியின் திறன்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கு நேரேகூட ஓர் ஆள் இல்லை. பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, யாருமே வராத விசேஷ வீடாக அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

நீங்கள் வெளியூர்க்காரராக இருக்கலாம் என்பதால் ஒரு விளக்கம். நம் பக்கத்தில் காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் எதுவானாலும் உறவினர் வெறுங்கையோடு வருவதில்லை. ஆட்டுக்கிடாயும் அண்டாவும் மாலையும் பழத்தட்டுமாக, மேளம் முன்னே போக, வரிசையாக வந்து இறக்குவார்கள். அதற்குச் செய்முறை என்று பெயர். இன்று நீங்கள் எனக்குச் செய்தால் நாளை நான் உங்களுக்குச் செய்வேன். செய்யாமல் விட்டால் உறவில் விரிசல். செய்ததை வாங்காமல் திருப்பினால் உறவே இல்லை.

தங்கப்பாண்டி அந்த ஒரு வாரமும் வேன் ஓட்டிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் செய்முறைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய், “செல்லக் குடுங்க மாமா, ஈஸ்வரிக்கு ஒரு அமுக்கு அமுக்கணும்” என்று கேட்டு, கணக்கு இல்லாதவர்களுக்குத் தானே கணக்குத் தொடங்கிக் கொடுத்து, சான்றுகளை வரிசையாக இறக்கிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் கணினியைத் திறந்த நான், கையில் இருந்த காபியை மறந்து உட்கார்ந்திருந்தேன். வேப்பமரத்துப் படத்துக்கு மேலே, பக்கத்தின் முகப்பில், ஒரு ஃபிளெக்ஸ் பேனர் விரிந்திருந்தது. நடுவில் பட்டுப்புடவையில் ஈஸ்வரி. பின்னால் திராட்சைக் கொடிகள், அவற்றுக்கிடையே எதற்கோ ஒரு சிங்கம். மேலே ‘வெற்றிநடை போடும் எங்கள் குலவிளக்கே’ என்ற வாழ்த்து. சுற்றிலும் சிறுசிறு வட்டங்களுக்குள் தாய்மாமன்மாரும் சித்தப்பன்மாரும். அவற்றுள் மூன்றாவது வட்டத்தில், முறுக்கிய மீசையோடும் காதில் வைத்த கைப்பேசியோடும் ஒருவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் சன்னாசி மாமா, ஈஸ்வரியின் மூத்த தாய்மாமன், ஆட்டு வியாபாரி. உணவுப் பாதுகாப்புத் தணிக்கையில் அவள் வல்லவள் என்று முதல் சான்று அவருடையது. அவளுடைய பெரியம்மா ஒருவர் ‘ஏற்றுமதி ஆவணங்கள்’ என்ற திறனைத் தேர்ந்தெடுத்திருந்தார். கீழே ரோஜாப் பூக்கள், கூப்பிய கைகள், ‘வாழ்க பல்லாண்டு.’

அதைவிடக் கலக்கம் தந்தது, அன்று காலை ஈஸ்வரிக்கு வந்து அவள் எனக்கு அனுப்பியிருந்த செய்தி. அந்த நிறுவனத்தின் கொச்சி அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த பெண்மணி எழுதியிருந்தார். மரியாதையான செய்தி. உங்கள் அனுபவம் எங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் சில நாள்களுக்குள் இத்தனை சான்றுகள் ஒரே வட்டாரத்திலிருந்து வந்திருக்கின்றன, இவை விலைக்கு வாங்கப்பட்டவையா என்ற ஐயம் எழுகிறது, நேர்காணலுக்கானவர்களை இன்று மாலை முடிவு செய்கிறோம், அதற்குள் விளக்கம் தர இயலுமா என்று கேட்டிருந்தார்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலி வேனோடு கணவனும் மனைவியும் கல்லூரிக்கே வந்துவிட்டார்கள். செய்தியின் பொருள் தங்கப்பாண்டிக்கு அதுவரை முழுதாகச் சொல்லப்படவில்லை போலும். உள்ளே வரும்போதே முகமெல்லாம் மலர்ச்சி.

“பாத்தீகளா டீச்சர்? ஒரே வாரத்துல ஊரே வந்து நின்னுருச்சு.” கல்லூரியில் யாராக இருந்தாலும் அவருக்கு டீச்சர்தான்.

“பார்த்தேன். சிங்கம் யாரு?”

“பேனரு நான் போட்டு ஏத்துனது, சிங்கத்தக் கடைக்காரன் சும்மா போட்டான் டீச்சர். காசு கேக்கல.”

ஈஸ்வரி சிரிக்கவில்லை. “கொச்சிக்காரம்மா இதெல்லாம் வெலைக்கு வாங்குனதான்னு கேக்குறாக” என்று மெல்லச் சொன்னாள். தங்கப்பாண்டியின் முகம் மாறியதைப் பார்த்தபோது, அந்தச் சான்றுகளின் மேல் எனக்கிருந்த எரிச்சல் முழுவதும் போய்விட்டது. பிரிந்து போகாமல் இருக்க ஒரு மனிதர் தனக்குத் தெரிந்த ஒரே முறையில் ஓடியாடியிருக்கிறார்.

இப்போது கவனியுங்கள், ஏனென்றால் நம் வேலையின் கடினமான பகுதி இதுதான். மாலைக்குள் பதில் போக வேண்டும். என் மனத்தில் முதலில் எழுந்த வழி மிக எளியது: எல்லாச் சான்றுகளையும் மறைத்துவிடலாம், பேனரை இறக்கிவிடலாம், ஒரு மன்னிப்புக் கேட்டுவிடலாம். தளத்தில் அதற்கு வசதி உண்டு. அதைச் சொன்னேன்.

“அது முடியாது மேடம்” என்றாள் ஈஸ்வரி. “சன்னாசி மாமா தெனமும் காலையில அவரு படம் இருக்கான்னு தெறந்து பாக்குறாராம். செஞ்சதத் திருப்பிவிட்டா, பெரியவ சடங்குக்கு அவரு எப்பிடி வருவாரு? என் தாய்மாமன் வந்து நிக்காம சடங்கு என்ன சடங்கு?”

“ஏற்கெனவே மாமா மகன் கோவிச்சுக்கிட்டுத்தேன் இருக்கான்” என்றார் தங்கப்பாண்டி. “‘ஏலே, எங்கப்பா ஒம் பொண்டாட்டிக்கு எல்லாத்தையும் அமுக்கிவிட்டாரு, அவ எனக்கு ஒண்ணே ஒண்ணுதேன் அமுக்கிருக்கா’ங்கிறான்.”

“அவனுக்கு என்ன தெரியும்னு அமுக்குன ஈஸ்வரி?”

“வண்டி கழுவுவான் மேடம். அது அந்தப் பட்டியல்ல இல்ல. அதுனால ‘குழுப்பணி’ன்னு அமுக்குனேன்.”

அந்த இக்கட்டிலும் மூவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் தங்கப்பாண்டி இரண்டாவது வழியைச் சொன்னார்.

“எல்லாரும் கெடங்குக்கு வந்து போன கஸ்டமருன்னு எழுதிருவமா? யாரு வந்து பாக்கப் போறா?”

ஈஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பெட்டி கொண்டுவந்த வியாபாரிகள் வாசலில் கண்டிருக்கக்கூடிய பார்வை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

“மேலாக்க நல்ல கொத்த அடுக்கி, அடியில மழையில நனஞ்சத வச்சுக் கொண்டாருவாக. நான் ஒரு பெட்டியக் கவுத்துக் காட்டச் சொல்லுவேன். இப்ப அந்தம்மா என்னையக் கவுத்துக் காட்டச் சொல்லுது. நான் போயி அடியில நனஞ்சத வைக்கவா?”

தங்கப்பாண்டி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். “அப்ப நீயே எழுது” என்றார்.

அவளே எழுதினாள். தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். சொற்களை மாற்றினேனே தவிரச் செய்தியில் கை வைக்கவில்லை. அது ஏறக்குறைய இப்படி இருந்தது. ‘இந்தச் சான்றுகள் வாங்கியவை அல்ல. இவர்கள் என் உறவினர்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நல்லது நடக்கப்போகிறது என்றால் எல்லோரும் வந்து நிற்பார்கள். என் கணவர் அழைத்தார், வந்தார்கள். இவர்களில் யாருக்கும் குளிர்பதனம் தெரியாது. எனவே இவற்றை என் வேலைக்கான ஆதாரமாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அன்போடு வந்தவர்களை என்னால் வெளியே அனுப்ப முடியாது. என் வேலையை நேரில் பார்த்த ஒருவரை இன்று மாலைக்குள் எழுதச் சொல்கிறேன். அவர் என்னைப் புகழ்வார் என்று உறுதி சொல்ல இயலாது.’

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும் மேடம்” என்றாள். அனுப்பினோம்.

அனுப்பிய பிறகுதான் அவள் முகம் வெளிறியது. “ஜமால் பாய்கிட்டத்தேன் போகணும். அவருதேன் எங்கூட ரொம்பச் சண்ட போட்டவரு. நீங்களும் வாங்க மேடம், தனியாப் போனா பழச எல்லாம் தோண்டி எடுத்துருவாரு.”

ஜமால் பாய் உத்தமபாளையத்தில் பழக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நான் வேனில் ஏறினேன். சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கைகள். முழங்கால் தாடையைத் தொட்டது. சன்னலில் யாரோ ஒட்டிய வண்ணத்துப்பூச்சி. வீரபாண்டியைத் தாண்டும்போது பேருந்துகளும் இளநீர் ஏற்றிய சிறு லாரிகளும் எங்களை முந்திக்கொண்டு போயின. தங்கப்பாண்டி அசையவில்லை.

“புள்ளைக இல்லல்ல, செத்த வேகமாத்தேன் போங்களேன்” என்றாள் ஈஸ்வரி.

“வண்டிக்கு அது தெரியாதுல்ல” என்றார் அவர், வேகத்தைக் கூட்டாமல். வேகத்தடை வந்த இடங்களில் பின்னால் யாரோ தூங்குவதைப் போல வண்டியை ஏற்றி இறக்கினார். சின்னமனூர் கடைவீதியிலும் அப்படியே. தன் வாழ்க்கையே அந்த மாலைக்குள் முடிவாகக் காத்திருந்த மனிதர். நான் அதைக் கவனித்துவைத்தேன்.

மண்டியில் திராட்சை வாசனை கனமாக நின்றது. ஜமால் பாய் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். ஈஸ்வரியைக் கண்டதும் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் துண்டை எடுத்துப் போட்டு மூடினார்.

“வாத்தா. கெடங்குதேன் கல்யாண மண்டபமாயிருச்சுல்ல, இன்னுமா என் பெட்டியச் சோதிக்க வர்ற?”

“சோதிக்க வரல பாய். ஒரு ஒதவி.”

“ஒம் புருசன் போன வாரமே வந்தாரு. செல்லுல கணக்கெல்லாம் போட்டுக் குடுத்து, ஏதோ அமுக்குங்கன்னாரு. பாத்தேன். ‘தலைமைப் பண்பு’ன்னு இருந்துச்சு. அது எனக்கு என்னா தெரியும்? தெரியாதத அமுக்க மாட்டேன்னுட்டேன்.” தங்கப்பாண்டியைப் பார்த்து, “கோவமா தம்பி?” என்றார்.

“இல்லங்க பாய். அன்னைக்குக் கோவம். இன்னைக்கு இல்ல.”

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு ஈஸ்வரியிடம் திரும்பினார்.

“நல்லதா எழுதணுமா, நடந்தத எழுதணுமா?”

“நடந்தத எழுதுங்க பாய்.”

“நடந்தத எழுதுனா எனக்கும்ல அசிங்கம்?”

“அப்ப எழுத வேணாம் பாய். நான் போறேன்.”

“ஏ, இருத்தா. அன்னைக்கும் இப்பிடித்தேன், ஒரு வார்த்த பேசவிடாம ‘கொண்டுட்டுப் போங்க’ன்னா.” என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீகளா, இதுதேன் இவ.”

தட்டச்சு செய்ய அவருக்குப் பொறுமை இல்லை. கைப்பேசியை வாய்க்கு நேரே பிடித்து, ஏலம் கூறும் குரலில் சொல்லத் தொடங்கினார். பக்கத்து மண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். திரையில் எழுந்து வந்தவற்றை நான் சரிபார்த்து, உடன் ஆங்கிலத்தையும் சேர்த்தேன். அவர் சொன்னது இது.

“இந்தப் பொண்ணு என் பெட்டிகள ரெண்டு தடவ திருப்பி அனுப்புச்சு. மழையில பறிச்ச பழமுன்னு சொல்லுச்சு. மழையில பறிச்சதுன்னு எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். சத்தம் போட்டேன். மொதலாளிகிட்டச் சொல்லி வேலைய விட்டுத் தூக்குறேன்னேன். அது சத்தம் போடல, பெட்டியவும் எடுக்கல. அந்தப் பழத்த வேற எடத்துல எறக்குனேன். அம்புட்டும் அழுகிருச்சு. அதுக்குப் பெறகு இதுகிட்ட நல்ல பழந்தேன் கொண்டு போனேன். ஒரு பெட்டி கெட்டதில்ல.”

நிறுத்தினார். “போதுமா?”

ஈஸ்வரி தலையை அசைத்தாள்.

“ஏன் பாய், உங்க பேருக்குத்தானே கெடுதல்? எதுக்கு இவ்வளவும் சொன்னீங்க?” என்று நான் கேட்டேன்.

“கம்பத்துல இது தெரியாத ஆளு யாரு டீச்சரம்மா? இனிமே கொச்சிக்குத் தெரிஞ்சா என்னா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கோம்பைக் கூடத்துல வேற எவனாச்சும் வந்து ஒக்காந்து, வர்ற பழத்த எல்லாம் சரின்னு ஏத்திவிட்டான்னு வைங்க. கப்பல்ல போயி அங்கன நாறும். அப்பறம் இந்தப் பள்ளத்தாக்குப் பழத்த எவன் வாங்குவான்? இவ வாசல்ல நின்னாத்தேன் எங்களுக்கும் ஒறக்கம் வரும்” என்றார்.

பரிந்துரை ஏறியது. மாலை கொச்சியிலிருந்து ஒரே ஒரு வரி வந்தது. வெள்ளிக்கிழமை காணொலியில் சந்திப்போம்.

நேர்காணல் நம் அறையில்தான் நடந்தது. நானும் தங்கப்பாண்டியும் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வேன் சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து நெடுநேரம் ஈஸ்வரியின் குரல் மட்டும் சீராகக் கேட்டது. சில இடங்களில் எல்லைப்புற மலையாளம் கலந்து வந்தது. பிறகு திடீரென்று இரு பெண்களின் சிரிப்பு. தங்கப்பாண்டி எழுந்து நின்றுவிட்டார்.

“சிரிக்கிறாக டீச்சர். நல்லதா, கெட்டதா?”

“நல்லதுதான். உட்காருங்க.”

வெளியே வந்த ஈஸ்வரி சொன்னாள். எல்லாக் கேள்விகளும் முடிந்த பிறகு அந்தப் பெண்மணி தயங்கி, ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை, பேனரில் மூன்றாவது வட்டத்தில் மீசையோடு இருப்பவர் யார் என்று கேட்டாராம்.

“நீ என்ன சொன்ன?”

“எங்க தாய்மாமா மேடம். அவருக்குக் குளிர்பதனம் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியும்னேன்.”

அடுத்த வாரம் பணி ஆணை வந்தது. தங்கப்பாண்டி ஏஜென்டுக்குத் தொலைபேசியில் சொன்ன பதிலை ஈஸ்வரி எனக்கு நடித்துக் காட்டினாள்: “அண்ணே, நான் வரல. இங்கன எனக்குச் சோலி இருக்கு.” அன்று இரவும் சின்னவள் அவர் தோளிலேயே தூங்கினாளாம். சன்னாசி மாமாவோ, கொச்சி வரைக்கும் தன் முகத்தைப் பார்த்துவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் வேலை கொடுத்தார்கள் என்று ஊர் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அது முற்றிலும் பொய் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

உங்களிடம் வருகிறவர்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அதையே ஆதாரம் என்று நீட்டவும் விடாதீர்கள். ஒருவரின் வேலைக்குச் சாட்சி தேட வேண்டுமானால், அவரிடம் ‘முடியாது’ என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியவரிடம் போங்கள். அப்படிப் போவதற்கு வருகிறவர் தயங்குவார். துணைக்கு நீங்கள் வேனில் ஏறிக்கொள்ளுங்கள். விடுப்பு விண்ணப்பம் வலப்பக்க இழுப்பறையில் இருக்கிறது. அது எளிதாகத் திறக்கும்.

நான் ஓய்வு பெற்ற மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலையில் என்னுடைய பக்கத்தைத் திறந்தேன். அதை நான் பல மாதங்களாகத் தொடவில்லை. சான்றுகள் குவிந்திருந்தன. காமயகவுண்டன்பட்டி முழுவதும் வந்து இறங்கியிருந்தது. முதல் ஆள் தங்கப்பாண்டி. அடுத்து சன்னாசி மாமா. மனிதவள மேலாண்மை, பேச்சுத்திறன், இன்னும் நான் எப்போதோ சேர்த்து மறந்துவிட்ட ஆராய்ச்சி முறையியல் வரை ஒன்றையும் அவர் விடவில்லை. அவரை நான் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். எதையும் நீக்கவில்லை.

செய்முறை வந்தால் திருப்பிச் செய்ய வேண்டும். ஈஸ்வரிக்குச் சான்று சேர்த்த அந்த வாரத்தில் தங்கப்பாண்டி தனக்கும் தொடங்கிய ஒரு பக்கம் இருந்தது. பள்ளி வாகன ஓட்டுநர் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அதில் இன்று ஒரு பரிந்துரை எழுதினேன். ‘இவர் ஓட்டிய பள்ளி வேனில் நான் தேனியிலிருந்து உத்தமபாளையம் வரை பயணம் செய்தேன். வண்டியில் குழந்தைகள் யாரும் இல்லை. அவருக்கு மிக அவசரமான நாள். குழந்தைகள் இருப்பதைப் போலவே ஓட்டினார்.’

சற்று நேரத்தில் தொலைபேசி வந்தது.

“டீச்சர், படிச்சேன்.” பின்னால் யாரோ தங்கப்பாண்டியை அவசரப்படுத்துவது கேட்டது. “சன்னாசி மாமா பக்கத்துலதேன் இருக்காக. அவுகளுக்கு ஒண்ணும் எழுதலையான்னு கேக்குறாக” என்றார்.

நியாயமான கேள்வி. பார்க்காத ஒன்றை நான் எழுதுவதில்லை என்பது மாமாவுக்கும் பொருந்தும். ஆகவே நாளைக் காலை கம்பம் பேருந்தில் ஏறி, அங்கிருந்து காமயகவுண்டன்பட்டிக்குப் போகிறேன். மாமா ஆட்டுக்கு விலை பேசுவதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும்.